பழக்கத்தை ஊன்றுவது எப்படி? முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

"கை பழகிவிட்டது", "கண் பழகிவிட்டது", "கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது" என்று அன்றாடம் பேசுகிறோம். கவனித்துப் பார்த்தால், இந்தத் தொடர்களில் 'நான்' என்ற எழுவாயே இல்லை. கையும் கண்ணும் காலும்தான் வேலையைச் செய்கின்றன. உளவியல் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னதை நம் பேச்சுமொழி போகிற போக்கில் சொல்லிவிடுகிறது: பழகிவிட்ட செயல் நம் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் புதிய பழக்கம் ஒன்றைத் தொடங்கும்போது மட்டும் இதை மறந்துவிட்டு, எல்லாப் பொறுப்பையும் அந்த 'நான்' தலையில், அதாவது மன உறுதியின் தலையில், கட்டிவிடுகிறோம். மகிழ்ச்சிக்காகவோ மன அமைதிக்காகவோ வெற்றிக்காகவோ எடுக்கப்படும் தீர்மானங்கள் சில வாரங்களிலேயே சாய்ந்துவிடுவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

இவ்வழிகாட்டி, இதற்கு முன் எந்தப் பழக்கத்தையும் திட்டமிட்டு வளர்த்திராதவர்களுக்காகவும், முயன்று பாதியில் விட்டவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. படிகளை வரிசையாகவே செய்வது நல்லது. குறிப்பாக, முதல் இரண்டு படிகளைத் தாண்டிக்கொண்டு மூன்றாவதற்கு ஓடிவிட வேண்டாம்.

வழக்கம் வேறு, பழக்கம் வேறு

'பழக்கவழக்கம்' என்று சேர்த்தே சொல்லி வந்ததால், இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு நமக்கு மங்கிப்போயிற்று. இக்கட்டுரையின் தேவைக்காக அவற்றை இப்படிப் பிரித்துக்கொள்வோம்: நினைவில் வைத்துக்கொண்டு, முயன்று, நாள்தோறும் செய்வது வழக்கம், நினைக்காமலே நிகழ்வது பழக்கம். எந்தச் செயலும் முதலில் வழக்கமாகத்தான் இருக்கும். ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒரே முன்செயலுக்குப் பின் அது திரும்பத் திரும்ப நிகழும்போது, மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புத் திரள்கள் அந்தச் செயல்வரிசை முழுவதையும் ஒரே துண்டாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அதன்பின், அந்தச் சூழல் எதிர்ப்பட்டாலே செயல் தொடங்கிவிடுகிறது. தொடங்கியதும் முடியும் வரை ஓடிவிடுகிறது. பல் துலக்கும்போது எந்தப் பக்கத்தில் தொடங்குகிறீர்கள் என்று யாராவது திடீரெனக் கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் கைக்குத் தெரியும்.

உளவியலாளர் வெண்டி வுட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002 ஆம் ஆண்டு வெளியிட்ட நாட்குறிப்பு ஆய்வில், பங்கேற்றவர்கள் குறித்துவைத்த அன்றாடச் செயல்களில் ஏறத்தாழ 43 விழுக்காடு, அநேகமாக ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், மனம் வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போதே செய்யப்பட்டவை என்று தெரியவந்தது. நம் நாளில் கிட்டத்தட்ட பாதி இப்படித் தானாக ஓடுகிறது என்றால், அந்தப் பாதிக்குள் நமக்கு வேண்டிய ஒன்றிரண்டு செயல்களை எப்படி நுழைப்பது என்பதே கேள்வி.

படி 1: விளைவை விட்டுவிட்டுச் செயலைத் தேர்ந்தெடுங்கள்

"இனி அமைதியாக இருப்பேன்", "மகிழ்ச்சியாக வாழ்வேன்", "முன்னேறிக் காட்டுவேன்" ஆகிய மூன்றும் நல்ல ஆசைகளே. ஆனால் இம்மூன்றையும் யாராலும் பழக முடியாது. ஏனெனில் மூன்றுமே விளைவுகள். பழகக்கூடியது செயல் மட்டும்தான். செயலுக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, அதைக் கண்ணால் பார்க்க முடியும். நீங்கள் தேர்ந்தெடுத்தது செயலா, விளைவா என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அறையின் மூலையில் நிற்கும் ஒருவர் உங்களைப் பார்த்துவிட்டு, "இன்று செய்தார்" அல்லது "இன்று செய்யவில்லை" என்று ஐயமின்றிச் சொல்ல முடியுமா? "கோபத்தைக் குறைப்பேன்" என்பதை அவரால் அப்படிச் சொல்ல முடியாது. "பதில் எழுதுவதற்கு முன் மூன்று முறை மெதுவாக மூச்சு விடுவேன்" என்பதைச் சொல்ல முடியும்.

அடுத்தது, ஒன்றே ஒன்று. இந்த இடத்தில் பிடிவாதமாக இருக்கச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தாண்டு நாளில் நான் 11 தீர்மானங்களை, அழகான கையெழுத்தில், எண் போட்டு எழுதினேன். உடற்பயிற்சியும் வாசிப்பும் சேமிப்பும் தியானமும் அதில் இருந்தன. ஆறாம் நாள், எட்டாவது தீர்மானம் என்னவென்று நினைவுக்கு வரவில்லை. எழுதிய தாள் எங்கே என்றும் தெரியவில்லை. தீர்மானங்களில் தவறில்லை. பதினொன்றையும் நினைவில் வைத்திருப்பதே ஒரு முழுநேர வேலையாகிவிட்டது, அவ்வளவுதான்.

படி 2: ஒரு வாரம் வெறுமனே கவனியுங்கள்

இந்த வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சிறிய தாளில், நாள்தோறும் தவறாமல் நிகழும் செயல்களை மட்டும் அவை நிகழும் வரிசையில் எழுதிக்கொண்டு வாருங்கள்: கண் விழித்தல், முகம் கழுவுதல், கதவைப் பூட்டுதல், வேலைக்கான நாற்காலியில் உட்காருதல், வீடு திரும்பிக் காலணியைக் கழற்றுதல், விளக்கை அணைத்தல். எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் வியப்பாக இருக்கும்; வேலை நாள், விடுமுறை நாள், உடல்நலமில்லாத நாள் எல்லாவற்றிலும் மாறாமல் நிகழ்பவை ஆறேழு செயல்கள் இருக்கும். அவைதான் உங்களுக்கு ஆணிகள். புதிய பழக்கத்தை அவற்றில்தான் மாட்டப்போகிறோம்.

அதே தாளின் மறுபக்கத்தில், விட வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் ஒரு பழக்கம் எப்போது தலைகாட்டுகிறது என்பதையும் குறித்துவையுங்கள். பெரும்பாலோருக்கு இது கைப்பேசியாக இருக்கும். எத்தனை மணி நேரம் பார்த்தேன் என்று கணக்கெடுப்பதைவிட, எடுப்பதற்குச் சற்று முன் என்ன நிகழ்ந்தது என்று எழுதுவது பயன் தரும். கடினமான வாக்கியம் ஒன்றில் எழுத்து நின்றுபோனதா? யாருக்காகவோ காத்திருக்க நேர்ந்ததா? மனத்தை உறுத்தும் ஒரு வேலை நினைவுக்கு வந்ததா? அந்த ஒரு கணத்தைக் கண்டுபிடிக்காமல் பழக்கத்தோடு மல்லுக்கட்டுவது, நிழலோடு மல்லுக்கட்டுவது போலாகும்.

படி 3: பழைய செயலின் வாலில் புதியதைக் கட்டுங்கள்

இந்தப் படியில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. பலரும் புதிய பழக்கத்தைக் கடிகாரத்தில் கட்டுகிறார்கள்: "காலை ஆறு மணிக்கு நடப்பேன்." கடிகாரத்தை நாம் பார்த்தால்தான் அது நினைவூட்டும், அலாரம் வைத்தாலோ, சில நாட்களில் அதை அணைப்பதே பழக்கமாகிவிடுகிறது. ஏற்கெனவே தானாக நிகழும் ஒரு செயலில் கட்டினால், அந்தச் செயல் நிகழ்வதே நினைவூட்டலாகிறது. வாய்பாடு எளிமையானது: "இது முடிந்ததும், இன்ன இடத்தில், இதைச் செய்வேன்."

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இத்தகைய திட்டங்களின் ஆற்றலை 1990களில் விரிவாக ஆராய்ந்து, "இன்னது நிகழ்ந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிட அதிகமாகச் சொன்னதைச் செய்து முடிப்பதைக் காட்டினார். 2002 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. ஒரு வாரத்துக்குள் ஒரு முறையாவது 20 நிமிடம் தீவிரமாக உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. தனியாக எதுவும் சேர்க்கப்படாத குழுவில் 38 விழுக்காட்டினர் செய்தார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கி ஊக்கமூட்டப்பட்ட குழுவில் 35 விழுக்காட்டினர் செய்தார்கள். அதே ஊக்கத்தோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்லப்பட்ட குழுவிலோ 91 விழுக்காட்டினர் செய்தார்கள். ஊக்கவுரைகளைக் கேட்டுக் கேட்டும் எதுவும் மாறவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் நடுவிலுள்ள எண்ணை ஒருமுறை திரும்பப் பார்க்கலாம்.

ஆணியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். புதிய பழக்கம் எத்தனை முறை நிகழ வேண்டுமோ அத்தனை முறை ஆணியும் நிகழ வேண்டும். நாளுக்கு ஒரு முறை செய்ய வேண்டியதை, நாளுக்குப் பத்து முறை நிகழும் ஒன்றில் கட்டினால் குழப்பமே மிஞ்சும். இரண்டும் ஒரே இடத்தில் நிகழ வேண்டும். குளியலறையில் முடியும் செயலுக்குப் பின், மாடி அறையில் செய்ய வேண்டிய ஒன்றைக் கட்டினால், இடைவழியில் மனம் வேறெங்கோ போய்விடும். மூன்றாவது, ஆணியின் கடைசி அசைவு எது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். "பல் துலக்கியதும்" என்பதைவிட "தூரிகையை அதன் இடத்தில் வைத்ததும்" என்பது நல்லது. "வேலை தொடங்கும் முன்" என்பதைவிட "நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டதும்" என்பது நல்லது. அந்தக் கடைசி அசைவின் ஒலியும் தொடுகையும்தான் புதிய செயலை எழுப்பிவிடும்.

வாக்கியத்தை எழுதிவிட்டு, அந்த இடத்துக்கே போய், நான்கைந்து முறை ஒத்திகை பாருங்கள். தூரிகையை வையுங்கள், உடனே புதிய செயலைச் செய்யுங்கள், மறுபடி தூரிகையை எடுத்து வையுங்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பவர்களை யாரும் சிரிப்பதில்லை.

படி 4: சொல்லக் கூச்சப்படும் அளவுக்குச் சிறிதாக்குங்கள்

தொடங்கும் நாளில் உற்சாகம் அதிகமாக இருக்கும். அந்த உற்சாகத்தை அளவுகோலாக வைத்துத் திட்டம் போட்டால், உற்சாகம் வடியும் நாளில் திட்டமும் சரியும். எனவே அளவுகோல், வரும் மாதத்தின் மிக மோசமான நாளாக இருக்கட்டும். தலைவலியோடு, தாமதமாக, மனம் கசந்து வீடு திரும்பிய இரவிலும் செய்யக்கூடியது எதுவோ அதுவே சரியான அளவு. அரை மணி நேரத் தியானம் அல்ல, மூன்று மூச்சு. ஓர் அத்தியாயம் அல்ல, ஒரு பக்கம். ஒரு மணி நேர நடை அல்ல, காலணியை அணிந்து வாசலைத் தாண்டுவது. வாசலைத் தாண்டியபின் மனம் வந்தால் நடக்கலாம். வராவிட்டால் திரும்பிவிடலாம், அன்றைய கணக்கு நிறைவேறியது என்றே கொள்ளலாம்.

"இவ்வளவு சிறியதால் என்ன பயன்?" என்று கேட்கத் தோன்றும். முதல் சில வாரங்களில் நாம் வளர்ப்பது உடலையோ அறிவையோ அல்ல, தொடங்கும் கணத்தை. தொடங்குவது தானாக நிகழத் தொடங்கிவிட்டால், அளவைக் கூட்டுவது எளிது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு தேவை. அந்த எண்ணை நோக்கிப் போகத்தான் வேண்டும். ஆனால் முதல் நாளே அதைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

செய்து முடித்த உடனே, சில விநாடிகள், செய்ததை மனத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். "ஆயிற்று" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாலும் போதும். பலன் உடனே கிடைக்கும் செயலைத்தான் மூளை விரும்பித் திரும்பச் செய்கிறது. ஆறு மாதம் கழித்து வரப்போகும் நன்மை அதற்குப் புரியாது.

படி 5: இடத்தைச் சரிசெய்யுங்கள்

இரவில் ஐந்து நிமிடம் நாட்குறிப்பு எழுத நான் முயன்றபோது, குறிப்பேடு மேசையின் இழுப்பறையில் இருந்தது. அந்த இழுப்பறை சற்றே கோணலானது. இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தால்தான் திறக்கும். மொத்தம் நான்கைந்து விநாடி வேலை. மூன்று முறை அந்தப் பழக்கத்தைத் தொடங்கி, மூன்று முறையும் விட்டேன். விட்டதற்குக் களைப்பு, சோம்பல், வேலைப்பளு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நான்காம் முறை, குறிப்பேட்டை உள்ளே வைக்க மறந்து, பேனாவை நடுவில் செருகியபடி தலையணைமேல் விட்டிருந்தேன். படுக்க வேண்டுமானால் அதை எடுத்தாக வேண்டும். எடுத்த கை திறந்தது. திறந்த பக்கத்தில் இரண்டு வரி எழுதியது. அன்று முதல் குறிப்பேடு இழுப்பறைக்குள் போகவே இல்லை. காலையில் படுக்கையைச் சரிசெய்யும்போதே அதைத் தலையணைமேல் வைத்துவிடுகிறேன். என் சோம்பலைப் பற்றி நான் வைத்திருந்த அத்தனை விளக்கங்களுக்கும் பின்னால் ஒரு கோணல் இழுப்பறைதான் இருந்திருக்கிறது.

எனவே, வேண்டிய செயலுக்கான பொருள், அது நிகழ வேண்டிய இடத்தில், கைக்கு எட்டும்படி, கண்ணில் படும்படி, பாதி தயாரான நிலையில் இருக்க வேண்டும். வேண்டாத பழக்கத்துக்கு இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: அதைத் தொடங்க நான்கைந்து விநாடி கூடுதலாகத் தேவைப்படும்படி செய்துவிடுங்கள். கைப்பேசியை இரவில் வேறு அறையில் மின்னூட்டம் செய்வது, செயலியிலிருந்து ஒவ்வொரு முறையும் வெளியேறிவிடுவது, அறிவிப்பு ஒலிகளை அணைப்பது ஆகிய மூன்றும் ஏராளமான சபதங்களைவிட நன்றாக வேலை செய்கின்றன.

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்ற பழமொழி பலரை மனம் தளரச் செய்கிறது. பழக்கம் அவ்வளவு நீடிப்பதற்கு ஒரு காரணம், அதைச் சூழ்ந்திருக்கும் இடமும் வேளையும் மனிதர்களும் மாறாமல் நீடிப்பதுதான். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்ற மாணவர்களிடம் வெண்டி வுட் குழுவினர் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வில், புதிய இடத்திலும் சூழல் பழையபடியே அமைந்தவர்களிடம் பழைய பழக்கங்கள் தொடர்ந்தன. சூழல் மாறியவர்களிடம் அவை குலைந்து, அவர்கள் உண்மையில் என்ன விரும்பினார்களோ அதற்கேற்ப நடக்கத் தொடங்கினார்கள். வீடு மாறுவது, வேலை மாறுவது, அறையின் மேசையை வேறு சுவருக்கு நகர்த்துவது ஆகியவையெல்லாம் இவ்வகையில் நல்ல வாய்ப்புகள். புதிய வீட்டின் முதல் வாரத்தில் உங்கள் கைகளும் கால்களும் இன்னும் எதையும் பழகியிருக்காது. அந்த வாரத்தைத் தவறவிட வேண்டாம்.

படி 6: காத்திருங்கள்

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்ற பேச்சு எங்கும் பரவியிருக்கிறது. இதன் வேர் 1960 இல் இருக்கிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்கள் ஆவதைக் கவனித்து எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது; கண்ணாடியில் முகத்துக்குப் பழகுவதும் ஒரு செயலைப் பழகுவதும் வேறு வேறு என்பதும் மறக்கப்பட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 84 நாட்கள் தொடர்ந்து கவனித்து, 2009 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அன்றாடம் ஒரே ஆணியில் மாட்டிச் செய்தார்கள். செயல் ஏறத்தாழ முழுமையாகத் தானியங்கியாவதற்கு ஆன காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், அது 18 நாள் முதல், கணக்கிட்டுப் பார்த்தால் 254 நாள் வரை விரிந்தது. எளிய செயல்கள் விரைவில் படிந்தன. உடற்பயிற்சி போன்றவை கூடுதல் காலம் எடுத்துக்கொண்டன. மற்றொரு முடிவு அதைவிட ஆறுதலானது: இடையில் ஒரு நாள் தவறியது, பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு குறி இடுவது உதவும். எனினும் குறிகளின் சங்கிலி அறுந்துவிடக் கூடாது என்ற கவலையே புதிய மன உளைச்சலாகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அமைதிக்காகத் தொடங்கிய ஒன்று, இரவு பதினொரு மணிக்குப் படுக்கையிலிருந்து பதறி எழவைக்கிறது என்றால் நாட்காட்டியைக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது.

எதற்கு எந்தப் பழக்கம்?

அமைதி, மகிழ்ச்சி, வெற்றி ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். ஆனால் அவை கேட்கும் பழக்கங்கள் ஒரே வகையானவை அல்ல. என் அனுபவத்தில், அமைதிக்கான பழக்கங்கள் பெரும்பாலும் எதையாவது நிறுத்துபவை. மகிழ்ச்சிக்கானவை பெரும்பாலும் இன்னொரு மனிதரை நோக்கிச் செல்பவை. வெற்றிக்கானவை பெரும்பாலும் முந்தைய நாளே தொடங்குபவை.

அமைதி வேண்டுவோர் மூச்சிலிருந்து தொடங்கலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளியே விடும்போது சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. எனவே, இழுப்பதைவிட விடுவதை நீட்டித்து, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் ஓரிரு நிமிடங்கள் மூச்சுவிட்டால் உடல் தானாகத் தளர்கிறது. மனம் அதன் பின்னால் வருகிறது. இதை நாற்காலியில் உட்காரும் கணத்தில் கட்டலாம். இரவில் படுத்ததும் நாளைய வேலைகள் மனத்தில் ஊர்வலம் போகின்றனவா? 2018 இல் வெளியான ஓர் ஆய்வுக்கூடச் சோதனையில், உறங்கும் முன் ஐந்து நிமிடம் வரும் நாட்களின் வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளைப் பட்டியலிட்டவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே உறங்கிவிட்டார்கள். பங்கேற்றவர்கள் 57 பேர்தான்; என்றாலும் தாளும் பேனாவும் தவிர இதற்குச் செலவில்லை என்பதால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. உறக்கம் குறைந்தவருக்கு எந்த அமைதிப் பயிற்சியும் அரைப் பலன்தான் தரும். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். விடியலுக்கு முன் எழுந்தால்தான் வெற்றி என்று நம்பி உறக்கத்தை வெட்டிக்கொள்வோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒவ்வொருவரின் உடற்கடிகாரமும் வேறு. எழும் நேரம் எதுவானாலும் அது நாள்தோறும் ஒன்றாக இருப்பதே முக்கியம்.

மகிழ்ச்சியைப் பொறுத்தவரை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938 இல் தொடங்கி இன்றும் தொடரும் வாழ்நாள் ஆய்வு திரும்பத் திரும்பச் சுட்டுவது ஒன்றை: நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் மகிழ்ச்சியோடும் நல்ல உடல்நலத்தோடும் முதுமையடைகிறார்கள். இதை ஒரு செயலாக மாற்றினால், "மாலையில் காலணியைக் கழற்றியதும், ஒருவருக்கு ஒரு வரி எழுதுவேன்" என்றாகும். "சும்மாதான், உன் நினைவு வந்தது" என்ற அளவுக்குச் சிறிய வரி போதும். முதலில் செயற்கையாகத் தோன்றும். பதில்கள் வரத் தொடங்கியதும் அந்தத் தோற்றம் மறைந்துவிடும். நன்றியுணர்வுக் குறிப்பேடும் நல்லதே. அதை நாள்தோறும் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் ஆறு வாரம் நடத்திய சோதனையில், வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களிடம் மனநிறைவு உயர்ந்தது, மூன்று முறை எழுதியவர்களிடம் உயரவில்லை. அடிக்கடி எழுதினால் அது வருகைப் பதிவேடு போல ஆகிவிடுகிறது போலும். எழுதும்போது, "குடும்பத்துக்கு நன்றி" என்று பொதுவாக எழுதாமல், "படி ஏறும்போது பையை வாங்கிக்கொண்டார்" என்று அந்தக் கணத்தை எழுதுங்கள்.

வெற்றி என்பதை, நாமே தேர்ந்தெடுத்த ஒரு வேலையை முடித்துக் காட்டுவது என்று மட்டும் இங்கே கொள்வோம். அதற்கு ஒரே ஒரு பழக்கத்தைப் பரிந்துரைக்கச் சொன்னால், நாளின் வேலையை முடித்து எழும் முன், நாளைய முதல் செயலை ஒரு வரியில் எழுதி மேசைமேல் வைப்பதையே சொல்வேன். "அறிக்கை" என்று எழுதக் கூடாது. "அறிக்கையின் இரண்டாம் பகுதியில் உள்ள அட்டவணையைச் சரிபார்" என்று எழுத வேண்டும். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்ததும், செய்திகளைத் திறப்பதற்கு முன், அந்த ஒரு வரியைச் செய்துவிட வேண்டும். காலை நேரத்தின் தயக்கத்தில் பெரும்பகுதி, எங்கே தொடங்குவது என்று தெரியாததால் வருவது. முந்தைய மாலையில், வேலை மனத்தில் சூடாக இருக்கும்போதே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டால் தயக்கத்துக்கு இடமில்லை.

தடைபட்டால்

தடைபடும். காய்ச்சல் வரும், பயணம் வரும், வீட்டில் ஏதாவது நேரும். ஒரு நாள் தவறினால் ஒன்றுமில்லை என்று பார்த்தோம். தவறிய நாளுக்கு ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முயல்வதுதான் பழக்கத்தைக் கெடுக்கிறது, ஏனெனில் அது செயலைத் தண்டனையாக்கிவிடுகிறது. திரும்பி வரும் நாளில், முதல் நாளின் அந்தக் கூச்சமூட்டும் சிறிய அளவிலிருந்தே தொடங்குங்கள். அடிக்கடி தவறுகிறது என்றால், உங்களைக் குறை சொல்வதற்கு முன் ஆணியைச் சோதியுங்கள்: அது உண்மையிலேயே அன்றாடம் நிகழ்கிறதா? பொருள் கைக்கு எட்டுகிறதா? இழுப்பறை கோணலாக இருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தும் மனம் ஒட்டவில்லை என்றால், அந்தப் பழக்கம் உங்களுக்கானதல்ல என்று கண்ணியமாக விட்டுவிடலாம். யாரோ பரிந்துரைத்தார்கள் என்பதற்காக ஒன்றைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், மனம் சோர்ந்தே கிடக்கிறது, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்கவில்லை, உறக்கமும் பசியும் குலைந்துவிட்டன என்றால், அது பழக்கத்தால் சரிசெய்யும் காரியமல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டிய காரியம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது. அன்றே நம்பகமான ஒருவரிடம் சொல்லி, உதவி பெற வேண்டும்.

இரண்டாவது பழக்கத்தை எப்போது தொடங்குவது?

நாட்களை எண்ணி முடிவு செய்ய வேண்டாம். இரண்டு அறிகுறிகளைப் பாருங்கள். செய்யாத நாளில் ஏதோ ஒன்று குறைவது போல, கைக்கடிகாரம் அணிய மறந்த மணிக்கட்டு போல, இலேசாக உறுத்தினால் அது முதல் அறிகுறி. மற்றது, செய்து முடித்த பிறகுதான் செய்ததே நினைவுக்கு வருவது. என் குறிப்பேட்டில் ஓர் இரவு, அரைத் தூக்கத்தில் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன. எழுத்து சாய்ந்து, கடைசிச் சொல் பக்கத்தின் ஓரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறது. அதை எழுதியது எனக்கு நினைவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான், நடைப்பயிற்சிக்கான காலணியை எடுத்து வாசலருகே வைத்தேன்.